மாமல்லபுரத்து ஒன்லி

கடற்கரைக் கோயிலிலிருந்து ஐந்து ரதங்களுக்கு நடந்துபோகிறவர்களின் காதில் முதலில் விழுவது உளிச்சத்தம். அடுத்து விழுவது இங்கிலீஷ். ஒரு டிசம்பர் காலையில் அந்தச் சாலையோரக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். மாக்கல்லில் செய்த உள்ளங்கை அளவுப் பிள்ளையாரை ஒரு வெள்ளைக்கார அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பையன் பெருமையாகச் சொன்னான்: “திஸ் மை ஃபாதர் ஒன்லி மேக்கிங், மேடம்.” அம்மாளின் புருவம் ஏறியது. இந்த ஊரில் இதைச் செய்யத் தெரிந்தவர் உன் அப்பா ஒருவர்தானா என்று கேட்டார். பையன் பதறிவிட்டான். “நோ நோ மேடம், ஆல் பீப்பிள் மேக்கிங். திஸ் ஒன், மை ஃபாதர் ஒன்லி.” அம்மாளுக்குக் குழப்பம் கூடியது. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். வியாபாரம் முடிந்தது.

பையன் பொய் சொல்லவில்லை. அம்மாளும் தவறாகக் கேட்கவில்லை. “இதை எங்கப்பாதான் செஞ்சாரு” என்று அவன் சொன்னான். “எங்கப்பா மட்டும்தான் செய்வாரு” என்று அவர் காதில் விழுந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டியது ஒன்லி என்ற ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் இதற்குச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். சுழிப்பதற்கு முன் இந்தச் சொல்லைச் சற்று நிறுத்திவைத்து விசாரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. விசாரிக்க விசாரிக்க, குற்றவாளியாக நின்றது ஆங்கிலச் சொல் இல்லை. அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் வீட்டுத் ‘தான்’தான் நின்றுகொண்டிருந்தது.

ஆங்கிலத்தின் ஒன்லி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்லீக்’. ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லீக்’ என்றால் உடல், உருவம், அதிலிருந்து ‘போன்றது’. ஆக ஒன்றைப் போன்றது, தனித்தது, நிகரில்லாதது. முதலில் பெயருக்கு அடையாக இருந்து பின்னால் வினைக்கும் மற்றவற்றுக்கும் அடையாக வேலை பார்க்கத் தொடங்கியது. ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயர் காலப்போக்கில் முன்னால் ஒரு வகரத்தை ஏற்றுக்கொண்டு ‘வன்’ என்று ஒலிக்கத் தொடங்க, ஒன்லி, அலோன், அடோன் ஆகிய மூன்றும் பழைய ஓகார ஒலியைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. தனிமையைச் சொல்லும் அலோனுக்குள் ‘முழுக்க ஒன்று’ இருக்கிறது. பிராயச்சித்தத்தைச் சொல்லும் அடோனுக்குள் ‘ஒன்றாதல்’ இருக்கிறது. நம் ‘ஒன்று’ம் அவர்களுடைய ‘ஒன்’னும் ஒலியில் ஒத்திருப்பதைப் பார்த்துச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம், தற்செயல்.

ஒன்றிலிருந்து பிறந்த சொல் என்பதால் அதன் பிறவிக் குணம் விலக்குவது. ஒன்றைச் சொல்லி மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துவது. ஆனால் எதைச் சொல்லி எதை நிறுத்துகிறது என்பதில்தான் ஆங்கிலேயர்களுக்கே இருநூறு ஆண்டுத் தகராறு. “நான் நேற்று கோயிலைப் பார்த்தேன்” என்பதற்கான ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான்’ முன்னால் ஒன்லி போட்டால் வேறு யாரும் பார்க்கவில்லை. ‘பார்த்தேன்’ முன்னால் போட்டால் பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. அல்லது கோயிலை மட்டும் பார்த்தேன், குகைகளைப் பார்க்கவில்லை. அல்லது நேற்றைக்குத்தான் பார்த்தேன், அதற்கு முன் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று வேலை. பேச்சில் குரலின் அழுத்தம் இதைத் தீர்த்துவைத்துவிடுகிறது. எழுத்தில் குரல் இல்லை. அதனால், எந்தச் சொல்லைத் தழுவுகிறதோ அதற்குப் பக்கத்திலேயே ஒன்லியை வைக்க வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இலக்கணக்காரர்கள் கட்டளை போட்டுவந்தார்கள். 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் இதைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதினார்: பொருள் தெளிவாக இருக்கும்போது மக்கள் இயல்பாக வைக்கிற இடத்திலிருந்து அதைப் பிடுங்கி நடாதீர்கள் என்று பண்டிதர்களைக் கண்டித்தார். தமிழ் ஆசிரியர்கள் யாரும் இந்தச் சண்டையில் இறங்க வேண்டியிருந்ததில்லை. காரணம் எளிது.

தமிழில் இந்த வேலையைச் செய்யும் சொல் தழுவுகிற சொல்லின் முதுகிலேயே ஏறிக்கொள்கிறது. நான்தான் நேத்து கோயிலைப் பாத்தேன். நான் நேத்துதான் கோயிலைப் பாத்தேன். நான் நேத்து கோயிலைத்தான் பாத்தேன். பாக்கத்தான் பாத்தேன், உள்ள போகல. நான்கும் நான்கு வாக்கியம். குழந்தைக்குக்கூட இதில் தடுமாற்றம் வராது. இப்படிப்பட்ட வசதியில் வளர்ந்த வாய் ஆங்கிலம் பேசப் போகும்போது அந்த வசதியைக் கையோடு எடுத்துப்போகாமல் இருக்குமா? மை ஃபாதர் ஒன்லி, யெஸ்டர்டே ஒன்லி, டெம்பிள் ஒன்லி. ஆங்கிலம் தன் சொல்லை வாக்கியத்துக்குள் அலையவிட்டிருந்தது. நம் ஆட்கள் அதைப் பிடித்து வந்து உரிய இடத்தில் கட்டிப்போட்டார்கள். தெளிவு என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால், இட விஷயத்தில் மாமல்லபுரத்துப் பையனின் இலக்கணம் லண்டன் இலக்கணத்தைவிட ஒழுங்கானது.

சிக்கல் இடத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. ஒன்லிக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை, இரண்டு சொல்: மட்டும், தான். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஒரு எதிர்மறை வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். “அவன் மட்டும் வரல” என்றால் மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். “அவன்தான் வரல” என்றால் வராதவன் யார் என்று கேட்டீர்களே, அவன் இவன். மற்றவர்கள் வந்தார்களா இல்லையா என்பது அந்த வாக்கியத்தின் கவலை இல்லை. மட்டும் என்பது மற்றவர்களை எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. தான் என்பது விரலை நீட்டி ஆளைக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேலை என்பதற்கு இன்னொரு சாட்சி, இரண்டும் ஒன்றாக வரும் என்பது: “நீ மட்டும்தான் வந்தியா?” ஒரே பொருளாக இருந்தால் ஒன்று போதுமே.

மட்டும் என்பதன் வேர் மட்டு, அதாவது அளவு, எல்லை. யாழ்ப்பாணத்தில் “ஐந்து மணி மட்டும் இருந்தன்” என்றால் ஐந்து மணி வரைக்கும் இருந்தேன் என்று பொருள். அங்கே அந்தப் பழைய எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. மாத்திரம் என்பதும் அளவைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததுதான். ஆங்கிலம் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி விலக்கலுக்கு வந்தது. தமிழ் ‘இவ்வளவு’ என்று அளக்கத் தொடங்கி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த வழி வேறானாலும் மட்டும், ஒன்லி இரண்டும் அண்டைவீட்டுக்காரர்கள். ‘தான்’ குடியிருக்கிற தெருவே வேறு.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நமக்கு இருபதாம் நூற்றாண்டு மொழியியல் தேவைப்படவில்லை. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையைச் சேர்த்து ஆறாக்குகிறது. நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. பிரிநிலை என்றால் ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது. தேற்றம் என்றால் உறுதி, ஐயம் நீக்கித் தெளிவிப்பது. கூட்டத்தைப் பிரித்தால் மற்றவை விலகும். உறுதி சொன்னால் மற்றவை விலக வேண்டிய அவசியமில்லை. பிள்ளையாரைச் செய்தவர் அப்பாவா, வாங்கி விற்கிற சரக்கா என்ற சந்தேகத்தை முன்கூட்டியே தீர்க்கப் பையன் சொன்னது தேற்றம். அம்மாள் எடுத்துக்கொண்டது பிரிநிலை. அந்தக் கடை வாசலில் நடந்ததை விளக்க இந்த இரண்டு சொல் போதும். நம் இலக்கண வகுப்புகளில் ‘ஏகாரம் ஐந்து’ என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, எதற்கு ஐந்து என்று ஒருநாளும் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்றைய பேச்சில் ஏகாரத்தின் வேலையில் பெரும்பகுதியைத் தான் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஏகாரம் ஓய்வு பெறவில்லை. “நேத்துதான் வந்தேன்”, “நேத்தே வந்துட்டேன்” என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்த நாள் ஒன்றே. தான் போட்டால் தாமதம், இப்போதுதான் வந்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை. ஏ போட்டால் முன்கூட்டி, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்தாயிற்று. ஒற்றை உயிரெழுத்து காலத்தைப் பின்னுக்கும் முன்னுக்கும் தள்ளுகிறது. இந்த வித்தியாசத்தையும் நம்மவர்கள் ஆங்கிலத்துக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஒத்தவாடைத் தெருவில் அறை வாடகைக்கு விடுகிற வீடுகளில் கேட்கலாம். “தே கேம் யெஸ்டர்டே ஒன்லி” என்றால் நேற்றுதான் வந்தார்கள். “தே கேம் யெஸ்டர்டே இட்ஸெல்ஃப்” என்றால் நேற்றே வந்துவிட்டார்கள். தானுக்கு ஒன்லி, ஏகாரத்துக்கு இட்ஸெல்ஃப். யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததில்லை. எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு இடைச்சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொல் என்று தானாகப் பங்கு பிரிந்திருக்கிறது. அரைகுறையாகக் கற்றதால் வந்த பிழை என்றால் அது இப்படி வரிசை தப்பாமல் வராது.

ஆய்வாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்திய ஆங்கிலம் என்பது கெட்டுப்போன ஆங்கிலம் இல்லை, தனக்கென்று விதிகள் உள்ள ஒரு வகை என்ற எண்ணத்துக்கு உலக அளவில் மதிப்புத் தேடித்தந்தவர் காஷ்மீரைச் சேர்ந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு. ஒன்லியைத் தனியே எடுத்து விதியாக எழுதிக்காட்டியவர்களில் ராகேஷ் பட் முக்கியமானவர். 2000இல் வந்த அவருடைய கட்டுரை, இந்தியர்களின் பேச்சு ஆங்கிலத்தில் ஒன்லி அழுத்தம் பெறும் சொல்லைச் சுட்டிக்காட்டும் அடையாளமாகச் செயல்படுகிறது என்று வாதிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுதியா லாங்கே 2007இல் ஒன்லி, இட்ஸெல்ஃப் இரண்டையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்; 2012இல் இந்தியப் பேச்சு ஆங்கிலத்தின் தொடரியல் பற்றி முழு நூலே எழுதினார். தமிழின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்பினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இங்கிருந்து தெற்கே போனால் வருகிற புதுச்சேரியில் 1989இல் வெளியான தாமஸ் லேமனின் இக்காலத் தமிழ் இலக்கணம் இருக்கிறது. தான், ஏ, ஓ, உம், ஆவது போன்ற ஒட்டுகளைப் பொறுமையாகப் பிரித்து வைத்திருக்கும் நூல் அது. பேச்சுத் தமிழுக்கு 1999இல் வந்த ஹெரால்டு ஷிஃப்மனின் இலக்கணம்.

லாங்கே பயன்படுத்திய சான்றுத் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிட்னி கிரீன்பாம் தொடங்கிய அனைத்துலக ஆங்கிலத் தொகுப்பின் இந்தியப் பகுதி அது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒவ்வொரு நாட்டுக்கும் பத்து லட்சம் சொற்கள், 500 மாதிரிகள், அவற்றில் 300 பேச்சு, 200 எழுத்து. பேசுகிறவர்கள் 18 வயது நிரம்பியவர்களாகவும் ஆங்கில வழியில் படித்தவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வரம்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்புக்குள் நம் சிற்பக்கடைப் பையன் வரமாட்டான். வெள்ளைக்காரர்களிடமிருந்தே இங்கிலீஷும், கொசுறாகக் கொஞ்சம் பிரெஞ்சும் இத்தாலியனும் காதால் பிடித்துக்கொண்டவன் அவன். கல்லூரிப் பேராசிரியரின் வாயில் ஒன்லி எப்போதாவது நழுவுகிறது. இவன் வாயில் மூச்சு மாதிரி வந்துபோகிறது. ஒரு சொல் மாறிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்த மாதிரித் தெருக்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மாரிகாலம் உட்கார வேண்டும்.

இது தமிழின் தனிச்சொத்து என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹிந்தியில் ஹீ இருக்கிறது, மலையாளத்தில் தன்னெ இருக்கிறது, தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏகாரமே இருக்கிறது, மராத்தியில் ச இருக்கிறது. ராகேஷ் பட் காட்டிய ஒற்றுமையும் ஹிந்தியோடுதான். ஊர் ஊருக்கு ஒரு தான் இருந்ததால்தான் நாடு முழுக்க ஒரே ஒன்லி பரவ முடிந்தது. 2007இல் ரமா பிஜாபுர்கர் இந்திய நுகர்வோரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கு ‘வி ஆர் லைக் தட் ஒன்லி’ என்றே பெயர் வைத்தார். நாங்க இப்படித்தான் என்ற அந்த மிடுக்கு அட்டையிலேயே எல்லா மாநிலத்தாருக்கும் புரிந்தது. கேலிக்கு ஆளான சொல் கொஞ்சம் கெத்தாகவும் மாறிய கதை அது.

இதுவரை சொன்னது நாம் ஆங்கிலம் பேசும்போது நடப்பது. நாம் தமிழ் பேசும்போதும் ஒன்லி வருகிறது, அங்கே அதன் நடத்தை தலைகீழ். “ஒன்லி கேஷ்தான் சார், ஜிபே இல்ல.” “இங்க ஒன்லி வெஜ்தான்.” “ஒன்லி சண்டேதான் லீவு.” கவனித்தால் மூன்று விஷயம் தெரியும். ஒன்லி பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது, ஆங்கிலத்தில் நிற்பதுபோல. அதன் பொருள் மட்டும் என்பதே. “ஒன்லி எங்கப்பா செஞ்சாரு” என்று தமிழ் பேச்சில் எவரும் எங்கப்பாதான் என்ற பொருளில் சொல்லமாட்டார்கள். மூன்றாவது, அது வந்த பிறகும் அந்தப் பெயரின் கடைசியில் தான் அசையாமல் நிற்கிறது. கடன் வாங்கிய சொல் மட்டும் என்பதன் நாற்காலியைப் பிடித்திருக்கிறது; தானின் நாற்காலியை நெருங்கவில்லை. ஆக, ஆங்கிலம் பேசும் தமிழர் வாயில் ஒன்லி தமிழ் இடத்தில் தமிழ்ப் பொருளோடு பின்னால் வருகிறது. தமிழ் பேசும் அதே வாயில் ஆங்கில இடத்தில் ஆங்கிலப் பொருளோடு முன்னால் வருகிறது. எந்த நூலையும் விட இந்த ஒரு முரண் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. இரண்டு மொழியையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை இதற்கு மேல் யாரும் என்னிடம் கொண்டுவர முடியாது.

இன்னொரு சிறு வியப்பு. ஆங்கில வினையடைகளைத் தமிழ் பெரும்பாலும் அப்படியே எடுப்பதில்லை. வாலை நறுக்கி ‘ஆக’ என்பதன் பேச்சு வடிவமான ஆவை ஒட்டிக்கொள்கிறது: ஜெனரலா, டைரக்டா, சீரியஸா, ஃப்ரீயா. ஆக்சுவலிகூட ஆக்சுவலா ஆகிவிட்டது. ஒன்லிக்கு மட்டும் இந்தச் சவரம் நடக்கவில்லை. அதன் ‘லி’ ஒரு விகுதி என்றே நம் காதுக்குத் தோன்றவில்லை போலும். ஆங்கிலேயர் காதுக்கே இன்று அப்படித் தோன்றுவதில்லை. “கேஷ் ஒன்லியா?” என்று கேட்கிறோமே, அந்த ஆ வேறு, வினா ஆ.

சரி, பெயருக்குப் பின்னால் ஒன்லியை வைக்கும் பழக்கத்துக்குத் தமிழ் மட்டும்தான் காரணமா? எனக்கு ஓர் ஊகம் உண்டு. நம் ஊர் மனிதர் ஒன்லி என்ற சொல்லை முதலில் சந்திக்கும் இடம் இலக்கணப் புத்தகம் இல்லை. லேடீஸ் ஒன்லி, ஸ்டாஃப் ஒன்லி, டூ வீலர்ஸ் ஒன்லி, கேஷ் ஒன்லி. காசோலையில் ரூபாய் ஐநூறு ஒன்லி. பலகைகளிலும் வங்கித் தாள்களிலும் ஒன்லி எப்போதும் பெயருக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதைப் பின்னால் வைத்தவர் ஆங்கிலேயரே. தமிழ்ப் பலகையில் அதே இடத்தில் மட்டும் நிற்கிறது. ‘மகளிர் மட்டும்’ என்று 1994இல் ஒன்றும் 2017இல் ஒன்றுமாக இரண்டு படங்களே வந்தன. பார்க்கும் பலகையெல்லாம் பின்னால் நிற்கும் சொல், தன் மொழியிலும் பின்னால் ஒட்டும் சொல். இரண்டும் சேர்ந்தால் பிறகு எந்த வாத்தியார் என்ன செய்ய முடியும்? காசோலையில் அதன் வேலை கதவடைப்பு. ஐநூறுக்குப் பின்னால் யாரும் ஓர் ஆயிரத்தைச் செருகிவிடாதபடி தாழ்ப்பாள். அங்கே கற்ற இடத்தில் நின்றுகொண்டு, கடைவாசலில் விரல்நீட்டும் வேலைக்கு மாறிவிட்டது.

இதையெல்லாம் ரசித்துவிட்டு, எல்லாம் சரிதான் என்று சொல்லிப் போய்விட எனக்கு மனமில்லை. ஐந்து ரதங்களின் நுழைவாயிலில் தொல்லியல் துறையின் கட்டணம் சில ஆண்டுகளாக நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவர்க்கு 600. ஒரு வழிகாட்டி இதைச் சொல்லக் கேட்டேன்: “ஃபார் ஃபாரினர், சிக்ஸ் ஹண்ட்ரட் ஒன்லி.” அறுநூறுதான், பேரம் கிடையாது, அரசாங்கம் வைத்த விலை என்பது அவர் சொன்னது. ‘வெறும் அறுநூறே!’ என்பது கேட்டவர் காதில் விழுந்தது. பக்கத்தில் நாற்பது என்று எழுதியிருக்கும்போது அது எப்படி ஒலித்திருக்கும்! இங்கே நட்டம் கொஞ்சம் மனக்கசப்போடு போயிற்று. பேருந்து நிலையத்தில் “திஸ் பஸ் ஒன்லி கோயிங் செங்கல்பட்டு” என்றால் இந்த பஸ்தான் போகும் என்று பொருள். வேறு பஸ்ஸே கிடையாது என்று பதறி நெரிசலில் ஏறித் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நின்றுகொண்டே போகிற வெளிநாட்டவர் உண்டு. அதுவும் பெரிய விஷயமில்லை, கால்வலிதான். ஆனால் மருந்துக் கடையில் “திஸ் டேப்லெட் ஒன்லி டேக்” என்று சொன்னால்? வேறு நிறுவனத்தின் மாத்திரை வேண்டாம், இதையே சாப்பிடுங்கள் என்று சொல்ல நினைத்ததை, மற்ற மாத்திரைகளை நிறுத்திவிடு என்று ஒருவர் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரம், மருத்துவச் சீட்டு, அயல்நாட்டு அலுவலகத்துக்குப் போகும் மின்னஞ்சல், இங்கெல்லாம் தேற்றத்துக்கு ஒன்லி போடாமல் இருப்பது நல்லது. மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். தப்பு என்று சுழிப்பதற்குப் பதில், “இங்கே நீ நினைத்தது தானா, மட்டுமா?” என்று ஓரத்தில் எழுதிக்கேட்டால் ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள். தமிழ் வகுப்பையும் ஆங்கில வகுப்பையும் பிரிக்கும் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான்.

மொழிபெயர்த்துக் கொண்டுபோகவே முடியாத தான் ஒன்றும் உண்டு. “எப்படி இருக்கு சிலை?” என்று கேட்டால் ஒருவர் “நல்லாத்தான் இருக்கு” என்கிறார். இதில் பாராட்டு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பின்னால் ஓர் ‘ஆனா’ வாயைத் திறக்காமல் நிற்கிறது. விலை அதிகமாக இருக்கலாம், முகம் சரியில்லாமல் இருக்கலாம், இவருக்கு வாங்கும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். வாக்கியத்தின் மீதியைச் சொல்லாமல் விட்டுக் கேட்பவரே முடித்துக்கொள்ளும்படி வைப்பதை நம் இலக்கணம் ஒழியிசை என்கிறது. மன், ஓ போன்ற இடைச்சொற்களுக்கு அந்த வேலையைத் தொல்காப்பியம் கொடுத்திருக்கிறது. இன்று அதைத் தானும் பார்க்கிறது. “இட் இஸ் குட் ஒன்லி” என்று ஆங்கிலத்தில் சொன்னால் தமிழருக்கு அந்த ஒழியிசை கேட்கும். அயலாருக்குக் கேட்காது. சிற்பி தன் வேலையை ஒரு வெளிநாட்டவர் முன் ‘குட் ஒன்லி’ என்று அடக்கமாகச் சொல்லும்போது, ‘நன்றாக மட்டும் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை’ என்று கேட்பவர் எண்ணிவிட்டால் பாவம் சிற்பி.

மாமல்லபுரத்தில் இந்த இடைச்சொற்களைக் கல்லிலேயே பார்க்க ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாறைச் சிற்பத்தைப் பல காலமாக அர்ச்சுனன் தபசு என்று சொல்லிவந்தார்கள். 1914இல் விக்தர் கொலுபேவ் என்ற ஆய்வாளர், அது அர்ச்சுனன் இல்லை, கங்கை இறங்கி வருவதுதான், ஒற்றைக்காலில் நிற்பவன் பகீரதன் என்று வாதிட்டார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் தான் போட்டு வாதிட்டுவருகிறார்கள்: அர்ச்சுனன்தான், பகீரதன்தான். 1994இல் பத்மா கைமல் எழுதிய கட்டுரை வேறு மாதிரி யோசித்தது. இரண்டு கதைகளும் தெரியும்படி வேண்டுமென்றே செய்த விளையாட்டு அது என்றார். தானை எடுத்துவிட்டு உம்மையைப் போட்டார் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அர்ச்சுனனும், பகீரதனும்.

அன்று மாலை அந்தப் பாறைக்கு முன் ஒரு வயதான வழிகாட்டி ஒரு குடும்பத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இது கங்கையின் கதை என்று தங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று அவர்கள் கேட்டார்கள். அவர் சளைக்கவில்லை. “சம் பீப்பிள் டெல்லிங் கங்கா ஆல்சோ. பட் அர்ஜுனா ஒன்லி.” பிறகு கையை நீட்டி, யானைகளுக்குப் பக்கத்தில் முன்னங்கால்களை உயரத் தூக்கி நிற்கும் பூனையைக் காட்டினார். “கேட் ஆல்சோ பெனன்ஸ் ஒன்லி.” குடும்பம் சிரித்தது. பூனையும் தவம்தான் செய்கிறது என்று அவர் சொன்னதை அதன் காலடியில் நிற்கும் எலிகள் மட்டும் முழுதாக நம்பியிருந்தன.